கயிறு பிடிக்கிற கை

பையில இருக்கறது கயிறுதானுங்களே, தம்பி? நீங்க மேல தூக்கி வெக்கும்போதே பாத்தேன். ஓரத்துல ஒரு சின்னப் பை தொங்குது பாருங்க, வெள்ளை மாவு ஒட்டிக்கிட்டு, அதை வெச்சே கண்டுபுடிச்சிட்டேன். பின் சீட்டு அம்மா உங்களைக் கோலமாவு விக்கறவருன்னு நெனைச்சிருக்கும். விரல் வேர்த்துப் பாறையில வழுக்காம இருக்கப் போட்டுக்கற மாவுன்னு அதுக்கு என்ன தெரியும்? ஒட்டகப்பாறைக்குத்தானே போறீங்க? நானும் அங்கதான். பிரிவுல இறங்கி அரை மணி நேரம் நடக்கணும். பேசிக்கிட்டே போயிடலாம்.

என் பை இதோ, காலுக்கடியில. நான் மேல வெக்கறதில்ல. எப்பவும் டிரைவர் பக்க சீட்டுலதான் உக்காருவேன், அதுவும் இந்த நடைபாதை ஓரம். அப்பத்தான் போறவங்க வர்றவங்க இடது தோளை இடிப்பாங்க, வலது தோள் பத்திரமா இருக்கும். இல்ல இல்ல, வலியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. பழகிப்போச்சு, அவ்வளவுதான்.

பேரு சென்னியப்பன். நாமக்கல்ல லாரிக்கு முன்கண்ணாடி மாட்டுற கடை வெச்சிருக்கேன். எங்க ஊருக்கு நடுவுலயே பெரிய பாறை நிக்குது, ஆனா அதுல ஏற முடியாது, மேல கோட்டை, கீழ கோயில். அதனால ஞாயித்துக்கிழமையானா நாங்க ஏழெட்டுப் பேரு ஒட்டகப்பாறைக்குப் போயிடுவோம். ஒம்பது வருசமா. நான் ஆறடி ஆளுங்க, கை நீளம். அந்தப் பாறையில மத்தவங்க எட்டிக் குதிச்சுப் புடிக்கற இடத்தையெல்லாம் நான் நின்னுக்கிட்டே புடிப்பேன். இதை நானாச் சொல்லல, யாரை வேணா கேளுங்க.

உங்க கூட்டாளி எங்க? காய்ச்சலா? அடடா. அப்ப ஈரோட்டுலருந்து தனியா வந்திருக்கீங்க. அங்க போயி யாரையாவது கயிறு புடிக்கச் சொல்லலாம்னு. சொல்லலாம், தப்பில்ல. ஆனா முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் கையில உசுரைக் குடுக்கறதுன்னா, அந்த ஆளு யாருன்னு தெரிஞ்சுக்கணுமில்லீங்களா? அதுக்குத்தான் சொல்றேன். முழுசாக் கேட்டுக்குங்க. வேற யாராவது வேற மாதிரி சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்.

ஏழெட்டு மாசமா என் கையில யாரும் கயிறு குடுக்கறதில்லீங்க.

நான் யாரையும் குத்தம் சொல்லல. ஒம்பது வருசம் ரெஜினா டீச்சருக்குக் கயிறு புடிச்சவன் நான். ரெஜினா டீச்சர் யாருன்னா, அரசு பெண்கள் பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர். அவங்க ஏறுனா நான் புடிப்பேன், நான் ஏறுனா அவங்க புடிப்பாங்க. இன்னைக்கு வரைக்கும் அவங்க எனக்கு டீச்சர், நான் அவங்களுக்கு சார். வீட்டு விசயம் ஒண்ணு பேசுனதில்ல. ஆனா அவங்க மூச்சு விடற விதத்துலயே எந்த இடத்துல விழப் போறாங்கன்னு எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஆளு, இப்ப என்னைப் பாத்தா "நல்லா இருக்கீங்களா சார்"னு கேட்டுட்டு அவங்க பாட்டுக்குப் போயிடறாங்க. சண்டை போட்டாக் கூடப் பரவாயில்ல. மரியாதையாப் பேசறாங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியல.

தை மாசம் ஆரம்பிச்சுது. நான்தான் ஏறிக்கிட்டிருந்தேன். கால் ரெண்டும் விட்டுப்போச்சு, மொத்த ஒடம்பும் இந்த வலது கையில தொங்குச்சு. உள்ள ஏதோ பட்டுனு அறுந்த மாதிரி சத்தம். எனக்கே கேட்டுச்சு. டீச்சர் என்னைப் பூ மாதிரி கீழ இறக்குனாங்க. ஸ்கேன் எடுத்தா, தோள்ல ஜவ்வு பாதி கிழிஞ்சிருக்கு. டாக்டர் டெண்டன்னு சொன்னாரு. ஆபரேசன் இப்ப வேண்டாம், ஆறு மாசம் பயிற்சி பண்ணுங்க, பாறைப்பக்கம் போகாதீங்கன்னாரு. கயிறு புடிக்கலாமான்னு நான் கேக்கல. ஏறக் கூடாதுன்னுதானே சொன்னாரு? கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பாரு. அதனாலதான் கேக்கல.

அப்புறம் பிசியோ. சௌமியான்னு ஒரு பொண்ணு, சின்ன வயசு, ஆனா கண்ணு போலீஸ்காரங்க கண்ணு. ரப்பர் பட்டையைக் கதவுல கட்டி இழு, சும்மாப் படுத்துக்கிட்டுக் கையை நீட்டுன்னு. இதுல ஒண்ணு இருக்குங்க, கேட்டா சிரிப்பீங்க. சுவரைப் பாத்து நின்னுக்கிட்டு, விரலை எறும்பு ஊர்ற மாதிரி சுவர்ல மேல மேல ஏத்தணும். எட்டுன இடத்துல பென்சில்ல ஒரு கோடு. வாராவாரம் கோடு மேல போகணும். பாறையில ஏறுன ஆளு, வீட்டுச் சுவர்ல விரலை ஏத்திக்கிட்டு நிக்கறேன். என் சம்சாரம் தனம் சமையக்கட்டுலருந்து எட்டிப் பாத்து, "இன்னைக்கு எத்தனை அடி ஏறுனீங்க"ன்னு கேப்பா.

கோடு நல்லாத்தான் ஏறுச்சு. மொதல் வாரம் நெஞ்சு, மூணாவது வாரம் தாடை, ஆறாவது வாரம் நெத்தி. ஒடம்பைக் கொஞ்சம் இடதுபக்கம் சாச்சு, குதிகாலைத் தூக்குனா இன்னும் ரெண்டு விரக்கடை கிடைக்கும். அது ஏமாத்தறது இல்லீங்க, பாறையில நாம அப்படித்தானே எட்டறோம்? எட்டாவது வாரம் அந்தப் பொண்ணு முன்னாடி செஞ்சு காட்டுனேன். அது என் பின்னாடி வந்து நின்னு பாத்துட்டு, "சார், உங்க தோள்தான் ஏறுது, கை ஏறல"ன்னுச்சு. "சாயாம நில்லுங்க"ன்னுச்சு. சாயாம நின்னா கை தோள் மட்டத்துலயே நின்னுபோச்சு. அன்னைக்கு எனக்கு ஒடம்பு சரியில்ல. மொத நாள் கடையில வேலை ஜாஸ்தி.

 ராத்திரி தனம் தோசை ஊத்தும்போது, "மேல் அலமாரியில உளுந்து டப்பா இருக்கு, எடுத்துக் குடுங்க"ன்னா. இடது கையால எடுத்துக் குடுத்தேன். வாங்கி வெச்சுக்கிட்டா. அவ்வளவுதான். 

என்ன கண்டக்டர், சில்லறையா? இந்தாங்க. இவரும் பிரிவுதான். ரெண்டு பேரும் ஒண்ணா இறங்கறோம்.

எங்க விட்டேன்? ஆங். இப்ப நான் சொல்றதை நல்லாக் கவனிங்க, இதுலதான் இருக்கு விசயம். உங்க ஊர்ல எப்படியோ, எங்க கூட்டத்துல ஒரு வழக்கம் உண்டு. ஹக்கீம் பாய் கொண்டுவந்தது. அவரு மருந்துக்கடை வெச்சிருக்காரு, எங்களுக்கெல்லாம் மூத்தவரு. ஒரு தடவை ஒருத்தன் கயிறு புடிக்கற கையில மசால்வடையை வெச்சுக்கிட்டு நின்னான். அன்னைலருந்து இந்தச் சட்டம். பாறையில கால் வெக்கறதுக்கு முன்னாடி ஏறறவங்க மூணு கேள்வி கேக்கணும். "முடிச்சு?" பாத்தாச்சு. "பூட்டு?" பாத்தாச்சு. அது இடுப்பு வளையத்தோட பூட்டு. மூணாவது, "கை?" அப்ப கயிறு புடிக்கற ஆளு வலது கையைத் தலைக்கு மேல நேராத் தூக்கி, அஞ்சு விரலையும் விரிச்சுக் காட்டி, "இருக்கு"ன்னு சொல்லணும். காட்டிட்டுக் கயிறைப் புடிச்சா, ஏறறவங்க கீழ வர்ற வரைக்கும் அந்தக் கை கயிறை விடக் கூடாது.

உங்களுக்குத் தெரியாததில்ல. ஆனா அந்தம்மா காது குடுத்துக் கேக்குது, அதுக்கும் புரியட்டும். ஏம்மா, கயிறு பாறை உச்சியில ஒரு கொக்கியில மாட்டியிருக்கும். ஒரு நுனி ஏறறவங்க இடுப்புல. இன்னொரு பக்கம் கீழ நிக்கறவன் இடுப்புல இருக்கற வளையம் வழியா அவன் கையில. அவங்க ஏற ஏற இவன் தளர்வை இழுத்துக்கிட்டே இருக்கணும். விழுந்தா இவன் கையைக் கீழ இழுத்துப் புடிப்பான், கயிறு நின்னுடும். கை விட்டா கயிறு ஓடும். கேணியில குடம் விடற மாதிரிதாம்மா, என்ன, குடத்துக்குப் பதிலா ஆளு.

பங்குனி மாசம். எனக்கு அடிபட்டுப் பத்து வாரம். நான் சும்மா பாக்கறதுக்குத்தான் போனேன், சத்தியமா. ஆனா நீங்களே யோசிங்க. எல்லாரும் பெல்ட்டு மாட்டுறாங்க, முடிச்சுப் போடறாங்க. நான் மரத்தடியில பிளாஸ்க்கைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். "சென்னியப்பன், கொஞ்சம் டீ ஊத்துங்க"ங்கறாங்க. ஒம்பது வருசம் ஏறுனவன் டீ ஊத்தறேன். கயிறு புடிக்க முடியாதுன்னா அந்தப் பாறையில நான் யாருங்க? யாருமில்ல. அன்னைக்கு அது எனக்கு அப்படியே நெஞ்சுல வந்து உக்காந்துச்சு. பயமா இருந்துச்சுங்க, மறைக்கறதுக்கு என்ன இருக்கு.

அப்ப டீச்சர் வந்தாங்க. "சார், இன்னைக்கு மூக்கு ஏறிடுவேன்னு தோணுது"ன்னாங்க. மூக்குங்கறது ஒட்டகத்தோட மூக்கு. முப்பத்தஞ்சு அடி உயரத்துல பாறை வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். மூணு வருசமா முயற்சி பண்றாங்க, எங்க கூட்டத்துல யாரும் ஏறுனதில்ல. அடுத்த வாரம் வெயில் ஏறிட்டாப் பாறை தோசைக்கல்லு, அப்புறம் மழைக்காலம் தாண்டித்தான். ஹக்கீம் பாய் எந்திரிச்சு, "நான் புடிக்கட்டுமா டீச்சர்?"னாரு. டீச்சர் என்னைப் பாத்தாங்க. கேக்கல, பாத்தாங்க. அவ்வளவுதான். "எதுக்கு பாய், நான் இருக்கேன்ல"ன்னு எந்திரிச்சேன்.

"உங்களுக்கு முடியுமா சார்?"

"எல்லாம் சரியாப்போச்சு டீச்சர். நேத்துக் கூட பிசியோவுல நல்லா இருக்குன்னாங்க."

நேத்து சனிக்கிழமை, பிசியோ லீவு. பேச்சுக்குச் சொல்றதுதானே.

முடிச்சுப் போட்டாங்க. "முடிச்சு?" பாத்தாச்சு. "பூட்டு?" பாத்தாச்சு. "கை?"

தூக்குனேன் தம்பி. தூக்கிக் காட்டுனேன். இல்லேன்னு யாரும் சொல்ல முடியாது. கொஞ்சம் இடதுபக்கம் சாஞ்சு, முழங்கையைக் காதோரம் மடக்கி, தலையையும் கொஞ்சம் தாழ்த்திக்கிட்டேன். தலைக்கு மேல கை இருந்துச்சா? இருந்துச்சு. அஞ்சு விரல் விரிஞ்சுதா? விரிஞ்சுது. "இருக்கு டீச்சர்"னேன். அவங்க பாறையைப் பாத்துத் திரும்பிட்டாங்க. ஹக்கீம் பாய் பாத்துக்கிட்டே நின்னாரு. அப்பவே ஏதாவது சொல்லியிருக்கணும் அவரு. சொல்லல. அவரு மேலயும் பாதித் தப்பு இருக்கா இல்லியா?

மொதல் இருவது அடி அவங்களுக்குப் படிக்கட்டு மாதிரி. அங்கதான் எனக்குக் கஷ்டம். வேகமா ஏறுனா வேகமா இழுக்கணும். ஒவ்வொரு இழுப்புக்கும் வலது கை தாடை வரைக்கும் மேல வரணும். வரும்போதெல்லாம் தோளுக்குள்ள யாரோ கத்தியைத் திருப்பற மாதிரி இருந்துச்சு. ஒரு பத்து தடவை பொறுத்தேன். அப்புறம் ரெண்டு இழுப்பை ஒண்ணாச் சேத்து இழுக்கலாம்னு விட்டேன். என்ன ஆகும், ரெண்டடி தளர்வு. அப்புறம் மூணை ஒண்ணாச் சேத்தேன்.

மூக்குக்குக் கீழ போயி நின்னாங்க. "கயிறு!"ன்னாங்க. தளர்வை எடுங்கன்னு அர்த்தம். "எடுத்தாச்சு"ன்னேன். ஒரு இழுப்பு இழுத்தேன், முழுசா வரல. மறுபடியும் "கயிறு, சார்!"  இடது கையை மூக்குக்கு மேல போட்டுட்டாங்க தம்பி, மூணு வருசத்துல மொத தடவையா. எல்லாரும் எந்திரிச்சு நின்னுட்டாங்க. அவங்க கால் நடுங்குது. எனக்கு அவங்க மூச்சு கேக்குது, விழப் போறாங்கன்னு எனக்குத் தெரியுது. இப்ப இழுக்கணும், ஒரே ஒரு தடவை, முழுசா. கையை மேல கொண்டுபோனேன்.

பாதியில நின்னுபோச்சு. கைதான். போக மாட்டேங்குது. அந்த நேரம் பாத்து அவங்க விழுந்தாங்க.

கயிறு புதுசுங்க. புதுக்கயிறு வழுக்கும், உங்களுக்கே தெரியும். கையிலருந்து சர்ருனு ஓடுச்சு. ஆனா நான் விடல. இதோ பாருங்க, உள்ளங்கையில இந்தத் தழும்பு. தோலு உரிஞ்சு போச்சு. விட்டிருந்தா இந்தத் தழும்பு வந்திருக்குமா? புடிச்சேன். நிறுத்துனேன். பன்னண்டு அடிதான் விழுந்தாங்க. அவங்க பதினெட்டுங்கறாங்க, யாரு டேப்பு வெச்சு அளந்தது? வழியில ஒரு திட்டு நீட்டிக்கிட்டு இருந்துச்சு, அதுல கால் பட்டுச்சு. கணுக்கால்ல சின்னதா ஒரு அடி. அந்தத் திட்டு அங்க இல்லேன்னா ஒண்ணுமே ஆகியிருக்காது.

உச்சுக் கொட்டாதீங்கம்மா. நல்லாத்தான் இருக்காங்க.

கீழ இறக்கிப் படுக்க வெச்சோம். அவங்க முகமெல்லாம் வெளுத்துப்போச்சு, ஒதட்டைக் கடிச்சுக்கிட்டு இருக்காங்க. மொதல்ல என்ன கேட்டாங்க தெரியுங்களா? "சார், உங்க கையில ரத்தம் வருது, என்னாச்சு?"ன்னாங்க. என் கையைக் கேட்டாங்க. "ஒண்ணுமில்ல டீச்சர், கயிறு புதுசு, வழுக்கிடுச்சு"ன்னேன். ஹக்கீம் பாய் அந்தக் கயிறைக் கையில எடுத்துப் பாத்தாரு. "இது மூணு வருசக் கயிறு, சென்னியப்பன்"னாரு, மெதுவா. மூணு வருசமா இருந்தா என்ன, நல்லாப் பாத்துக்கிட்ட கயிறு புதுசு மாதிரிதான் இருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஆப்பிள் வாங்கிட்டுப் போனேன். காலைத் தூக்கிக் கட்டியிருந்தாங்க, ரெண்டு ஸ்க்ரூ வெச்சுருக்குன்னாங்க. ஆமாங்க, கணுக்கால்லதான். அப்புறம் பள்ளிக்கூடத்துல விளையாட்டு விழா முடியற வரைக்கும் நாற்காலியில உக்காந்து விசில் அடிச்சாங்களாம், பிள்ளைங்க சொல்லுச்சு. அன்னைக்கு ஆஸ்பத்திரியில எங்கிட்ட ஒரு வார்த்தை கோவமாப் பேசல. நான் கயிறு, திட்டு, வெயில் எல்லாத்தையும் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாங்க. கடைசியா, "சார், நான் கேட்டப்ப வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மூக்கு எங்க போயிடப் போகுது? நீங்க கையைத் தூக்குனீங்க. அதனாலதான் நான் ஏறுனேன்"னாங்க. அப்புறம் நர்ஸு வந்துட்டாங்க.

அதை எதுக்குச் சொன்னாங்கன்னு எட்டு மாசமா யோசிக்கறேன். கண்ணாடி மாட்டும்போது யோசிக்கறேன். இல்ல, இப்ப நான் மாட்டறதில்ல, கடையில வேலை செய்யறவங்கதான் தூக்கி வெக்கறாங்க, நான் கீழ நின்னு பாத்துக்கறேன். லாரிக் கண்ணாடி கனமுங்க, யாரா இருந்தாலும் ரெண்டு பேரு வேணும். அதைப் போய் தோள்வலின்னு சொல்ல முடியுமா?

கூட்டம் போட்டாங்களாம், என்னைக் கூப்பிடாம. சென்னியப்பனுக்கு டாக்டர் எழுதிக் குடுக்கற வரைக்கும் யாரும் அவரு கையில கயிறு குடுக்க வேண்டாம்னு முடிவு. ஹக்கீம் பாய் கடைக்கு வந்து சொன்னாரு. நின்னுக்கிட்டே சொன்னாரு, டீ குடிக்கல. டாக்டர்கிட்டப் போனீங்களான்னு நீங்க கேப்பீங்க. போகலாம்னுதான் இருக்கேன். சீசன் நேரம், கடையை விட்டுட்டு எங்க போறது? பிசியோவையும் விட்டுட்டேன். அந்தப் பொண்ணு சாயாதீங்க, சாயாதீங்கன்னு ஒரே பல்லவி. சுவர்ல கோடு போடறதை மட்டும் விடல. இப்ப கோடு எங்க இருக்கு தெரியுங்களா? கதவு நிலைக்கு மேல.

ஏன் இன்னைக்குப் போறேன்னு கேளுங்க. இன்னைக்கு டீச்சர் வர்றாங்க. காலு சரியாகி மொத நாள். மறுபடியும் மூக்கு. எங்கிட்ட யாரும் சொல்லல, மருந்துக்கடையில நின்னப்பக் காதுல விழுந்துச்சு. நான் போயி ஒண்ணும் பேசப் போறதில்ல. அவங்க கயிறை நான் கேக்கவும் மாட்டேன். நான் இன்னொருத்தருக்குக் கயிறு புடிச்சு நிக்கறதை அவங்க ஒரு தடவை பாக்கணும். அவ்வளவுதான். பாத்தாங்கன்னா அன்னைக்கு நடந்தது கயிறுனாலதான்னு அவங்களுக்கே புரிஞ்சுடும்.

அதனாலதான் சொல்றேன். நீங்க அங்க போயி யாரையும் தேட வேண்டாம். நீங்க ஏறுங்க, நான் புடிக்கறேன். பெல்ட்டு, வளையம் எல்லாம் பையில இருக்கு. நேத்தே எடுத்து வெச்சுட்டேன், யாராவது கிடைப்பாங்கன்னு தெரியும்.

என்ன தம்பி? சன்னலைப் பாக்கறீங்க. முட்டை லாரிதான் போகுது, வேறொண்ணும் இல்ல. அதுல முன்கண்ணாடி நம்ம கடையில மாட்டுனதுதான்.

சங்கடமா இருக்குங்களா? நான் கட்டாயப்படுத்தல. நம்பிக்கை இல்லேன்னா மூஞ்சிக்கு நேராச் சொல்லிடலாம், நான் கோவிச்சுக்க மாட்டேன். சரி, ஒண்ணு பண்ணுவோம். பிரிவு வரப்போகுது, ஆலமரம் தாண்டிட்டோம். உங்க பை மேல இருக்கில்ல? அதை நானே எடுத்துத் தரேன். வலது கையால. கயிறும் இரும்புச் சாமானும் சேந்து எட்டுக் கிலோ இருக்குமா? இருக்கட்டும். அதுக்கப்புறம் சொல்லுங்க.

நீங்க உக்காருங்க, உக்காருங்க. எந்திரிக்க வேண்டாம்.

இதோ, எந்திரிச்சுட்டேன். இடது கையால கம்பியைப் புடிச்சுக்கறேன், அது ஒண்ணும் தப்பில்லியே. இந்த டிரைவர் ஓட்டற ஓட்டு இருக்கே. இருங்க. கீழருந்து கொண்டுபோகணும், மெதுவாக் கொண்டுபோனாப் போயிடும். இதோ, நெஞ்சு. இதோ. பையோட வாரு தெரியுது. இன்னும் ஒரு சாண்தான். நான் சாயல தம்பி, நேராத்தான் நிக்கறேன். பஸ்ஸுதான் ஆடுது. ரோடு சரியில்ல, பள்ளமும் மேடுமா. பஸ் ஆடும்போது யாராலயும் எடுக்க முடியாது. நிக்கட்டும். நின்னுச்சுன்னா ஒரு நிமிசத்துல எடுத்துத் தந்துடறேன்.

என்னங்கம்மா?

நின்னுடுச்சா?

எப்ப நின்னுச்சு?

இருங்க கண்டக்டர், விசில் அடிச்சுடாதீங்க, ஆளு இறங்கணும். தம்பி, நீங்களே எடுத்துக்குங்க. ஆங், எடுத்துக்குங்க. ஒரு கையிலயே எடுத்துட்டீங்க. கொஞ்சம் இருங்க, நான் காலை ஒதுக்கிக்கறேன், தாண்டிப் போங்க. என் பையா? அது இருக்கட்டும். நான் இறங்கல. இல்ல தம்பி, இறங்கல. அடுத்த ஊருல இறங்கித் திரும்பிக்கறேன்.

வேகமா நடங்க, வெயில் ஏறறதுக்குள்ள போயிடலாம். கயிறு புடிக்க ஆளு வேணும்னா ரெஜினா டீச்சரைக் கேளுங்க, மஞ்சத் தொப்பி போட்டிருப்பாங்க, லேசாக் காலை இழுத்து நடப்பாங்க. அவங்க கையில நம்பிக் குடுக்கலாம். அவங்க உங்களைப் புடிக்கச் சொன்னா, "கை?"ன்னு கேப்பாங்க. நேரா நின்னு தூக்கிக் காட்டுங்க.

நான் பஸ்ஸுல வந்தேன்னு சொல்லாதீங்க. இல்ல, சொல்லுங்க. தம்பி, ஒரு நிமிசம், கண்டக்டர் ஒரு நிமிசம். சென்னியப்பன் சொல்லச் சொன்னாருன்னு டீச்சர்கிட்டச் சொல்லுங்க. அன்னைக்கு அந்தக் கயிறு புதுசில்லன்னு. அது மட்டும் சொன்னாப் போதும்.